சிலிக்கான் முதல் காகிதம் வரை

மலர்க் குழுத் தம்பி போன் செய்து, "அண்ணே, எல்லாரும் ஹாஸ்டல் கதையே எழுதித் தள்றாங்க. நீங்களாவது சயின்ஸ் பத்தி எழுதுங்க" என்றார். நான் 1976–79 கெமிஸ்ட்ரி பேட்ச். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லேபில் சளியும் ரத்தமும் பார்த்துக் காலம் தள்ளியவன். எனக்குத் தெரிந்த சயின்ஸ் அதுதான். ஆனால் ஹாஸ்டல் கதை இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. தம்பி மன்னிக்கணும்.

மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவனுக்கு 1986-ல் டி.பி. வந்தது. பெயர் வேண்டாம், நம் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க, சளியை வெளியூர்ப் பெரிய லேபுக்கு அனுப்பினோம். முட்டை கலந்த ஊடகத்தில் கிருமியை வளர்த்து, பிறகு மருந்து சேர்த்த ஊடகத்தில் மறுபடி வளர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமியோ ஆமை வேகத்தில் வளர்வது. ரிப்போர்ட் வர மூன்று மாதம் ஆயிற்று. அதற்குப் பத்து நாள் முன்பே அவன் போய்விட்டான். லேப்காரர்கள் மேல் தப்பில்லை. அன்றைக்கு இருந்த வழி அவ்வளவுதான்.

அந்தக் காத்திருப்பு எப்படிக் குறைந்தது என்பதே நான் சொல்ல வந்த சரித்திரம். மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்று பெயர். தலைமுடி பருமனுள்ள வாய்க்கால்களில், ஒரு சொட்டுக்கும் குறைவான திரவத்தை ஓடவிட்டுச் சோதனை செய்யும் வித்தை.

இதன் வேர் நம் பிசிக்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. 1883-ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாயத்தை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிற்று. வேகம் கூடியதும் சுழித்துக் கலந்தது. குழாய் குறுகக் குறுக அந்த நேரான ஓட்டமே நிலைக்கும். முடி அளவு வாய்க்காலில் இரண்டு திரவங்கள் சேர்ந்தாலும் சுழித்துக் கலப்பதில்லை. பக்கம் பக்கமாக ஓடி, மெல்ல ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும். ஆகவே எது எங்கே எப்போது சேரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

நாம் கடைசிப் பரீட்சை எழுதிய அதே 1979-ல், ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் டெர்ரியும் கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். 5 செ.மீ. சிலிக்கான் தட்டில் 1.5 மீட்டர் நீள வாய்க்காலைச் சுருளாகச் செதுக்கி, மேஜையை அடைக்கும் காஸ் குரோமடோகிராஃப் கருவியை அதில் அடக்கினார்கள். பத்து வருஷம் அதைப் பெரிசாக யாரும் கண்டுக்கலை. 1990-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா-கைகி கம்பெனியில் இருந்த ஆண்ட்ரியாஸ் மான்ஸ் குழுவினர், மாதிரி எடுப்பது முதல் அளப்பது வரை எல்லா வேலையையும் ஒரே சில்லில் செய்யலாம் என்று எழுதினார்கள். 1993-ல் கண்ணாடிச் சில்லில் அமினோ அமிலங்களை விநாடிக் கணக்கில் பிரித்தும் காட்டினார்கள்.

ஆனால் சிலிக்கானையும் கண்ணாடியையும் செதுக்கத் தூசியே இல்லாத அறை வேண்டும், செலவோ ஏகப்பட்டது. 1998-ல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு ரப்பருக்கு மாறியது. பாகை அச்சில் ஊற்றி வெல்லம் எடுப்பது போல, சிலிகோன் திரவத்தை அச்சில் ஊற்றி, சூடாக்கி, உரித்து எடுத்தார்கள். 2000-ல் கால்டெக்கில் ஸ்டீபன் க்வேக் குழு அந்த ரப்பரிலேயே வால்வு செய்தது. மேல் வாய்க்காலில் காற்றழுத்தம் கொடுத்தால் கீழ் வாய்க்கால் மூடும். தோட்டத்து டியூபை மிதித்தால் தண்ணீர் நிற்கிறதே, அதே சங்கதி.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு குறை. சில்லு உள்ளங்கையில், அதை ஓட்டும் பம்பும் மைக்ரோஸ்கோப்பும் கம்ப்யூட்டரும் அறை முழுக்க! நோயாளி பக்கத்தில் போக வேண்டுமானால் அந்தச் சாமான்களும் சுருங்க வேண்டும். சுருங்கின. டிசம்பர் 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜ் சோதனையை ஏற்றது. கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் அதற்குக் கேட்குமா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். நம் நாட்டிலேயே உருவான, பாட்டரியில் ஓடும் ட்ரூநாட் சில்லுக்கு 2020-ல் அந்த ஏற்பு கிடைத்தது. மற்ற மருந்துகள் பலவற்றுக்குக் கிருமி வளர்க்கும் வேலை இன்னும் தேவைதான். ஆனாலும் முதல் கதவு திறந்துவிட்டது.

என் சர்வீஸின் கடைசி வருஷங்களில் எங்கள் லேபுக்கும் கார்ட்ரிட்ஜ் கருவி வந்தது. காலையில் போட்ட சளிக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் ரிசல்ட். கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் கேட்காது. யாரோ இருபத்தைந்து வயசுப் பையன். அன்று மாலையே அவனுக்கு மருந்தை மாற்றினார்கள். நான் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. 2007-ல் வைட்சைட்ஸ் குழு ரப்பரையும் விட்டுக் காகிதத்துக்கு வந்தது. இலைச் சாற்றின் நிறங்களைப் பிரிக்க நாம் லேபில் கத்தரிப்போமே, அந்த குரோமடோகிராபிக் காகிதம்தான்! நீர் புகாத சுவர்களை அதில் பதித்தால் நடுவே வாய்க்கால். காகிதமே திரவத்தை உறிஞ்சி இழுக்கும், பம்பு வேண்டாம். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் என்று செய்து காட்டினார்கள். பிறகு அந்தச் சுவரை மெழுகாலேயே அச்சடித்தார்கள்.

சிலிக்கான், கண்ணாடி, ரப்பர், காகிதம். ஒவ்வொரு படியிலும் பொருள் மலிவாயிற்று. சோதனை நோயாளிக்கு ஒரு அடி நெருங்கி வந்தது. சிறிதாக்கியதைவிட மலிவாக்கியதுதான் பெரிய காரியம் என்பேன். காகிதமும் மெழுகும் நம் கல்லூரி லேபிலும் உண்டு. அடுத்த அடியை உங்களில் ஒருவர் எடுத்து வையுங்கள். அடுத்த சந்திப்பு மலரில் அந்தக் கட்டுரையை நீங்கள் எழுத, நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.