அப்லோட் மட்டும் ஏன் நொண்டுது? ஒரு செம்புக் கம்பியின் கதை

நேயர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒண்ணு: "வைஃபை கூட இல்லைங்க, லேன் கேபிளை நேரா கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கேன். டவுன்லோட் பறக்குது. ஒரு வீடியோவை ஏத்தணும்னா மட்டும் நகர மாட்டேங்குது. என்ன பண்ணலாம்?"

என்ன பண்ணலாம்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, இது ஏன் இப்படி ஆச்சுன்னு ஒரு வரலாறு இருக்கு. 1980களின் கடைசியில், அமெரிக்காவில், பெல்கோர் என்ற தொலைபேசி ஆய்வு நிறுவனத்தில் அது தொடங்குது.

அப்போ அங்கே தொலைபேசி கம்பெனிகளுக்கு ஒரு கவலை. கேபிள் டிவிக்காரங்க வீடு வீடா சினிமா காட்டிட்டு இருந்தாங்க. தொலைபேசிக் கம்பியும் எல்லா வீட்டுக்கும் போகுது, ஆனா அதில் பேச்சு மட்டும்தான் போகுது. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். செம்புக் கம்பியோ அதைவிடப் பல மடங்கு தாங்கும். மிச்ச இடத்தில் சினிமா அனுப்பினா என்ன?

சிக்கல் வேற இடத்துல இருந்தது. தெருவுக்கு அடியில் போற தடிமனான கேபிளுக்குள்ள நிறைய கம்பி ஜோடிகள் நெருக்கியடிச்சுக்கிட்டு போகுது. ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடியில் கசியும். பழைய லேண்ட்லைன்ல வேற யாரோ பேசறது காதுல விழுமே, அதேதான். எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் சிக்னல் கிளம்பும் இடத்தில் பலமா இருக்கும். நம்ம வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் ஓடி அங்கே போய்ச் சேர்ற சிக்னல் களைச்சுப் போயிருக்கும். ரெண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தா, மேளச்சத்தத்துக்குப் பக்கத்துல நின்னு ரகசியம் கேட்கிற கதைதான்.

பெல்கோரில் இருந்த ஜோசப் லெக்லைடர் என்ற பொறியாளர் இதுக்கு ஒரு வழி சொன்னார். ரெண்டு திசைக்கும் சமமான வேகம் வேணும்னு பார்க்காம, வீட்டுக்கு வர்ற திசைக்கு நிறைய, வீட்டிலிருந்து போற திசைக்குக் கொஞ்சம்னு பிரிச்சா, கசிவின் தொல்லை குறையும். மொத்தமா அதிகம் அனுப்பலாம். சினிமா பார்க்கிறவங்க திருப்பி அனுப்பப்போறது என்ன? 'இந்தப் படம் போடு'ன்னு ஒரு கட்டளைதானே! ஏடிஎஸ்எல் பிறந்தது இப்படித்தான். அந்தப் பெயரில் முதல் எழுத்தான 'ஏ'வுக்கே 'சமமில்லாத' என்றுதான் பொருள்.

அந்தப் பங்கீட்டைப் பாருங்க. அப்லோடுக்கு ஏறத்தாழ 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை. டவுன்லோடுக்கு அதுக்கு மேல 1,104 வரை. 2003இல் ஏடிஎஸ்எல் 2 பிளஸ் வந்தபோது டவுன்லோட் பக்கத்தை 2,208 வரைக்கும் நீட்டினாங்க. வேகம் 24 எம்பிபிஎஸ் வரை ஏறிச்சு. அப்லோட் பெரும்பாலும் அதே பழைய பட்டையில், 1 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நின்னுடுச்சு. அந்த வேகத்தில் 1 ஜிபி வீடியோ ஏற ரெண்டேகால் மணி நேரம் ஆகும்.

வேடிக்கை என்னன்னா, அந்த சினிமா வியாபாரம் அன்னைக்கு ஓடவில்லை. அதுக்காகப் போட்ட கம்பி ஏற்பாட்டை இன்டர்நெட் எடுத்துக்கிச்சு. சினிமாவுக்காகப் பிரிச்ச பங்கு மட்டும் அப்படியே நிலைச்சுப்போச்சு.

நம்ம ஊருக்கும் அந்த எண்ணம் வந்து சேர்ந்தது. இந்திய அரசின் 2004 பிராட்பேண்ட் கொள்கையில், பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் டவுன்லோட் வேகம்னு எழுதினாங்க. 2013இல் அது 512 ஆச்சு. 2023இல் 2 எம்பிபிஎஸ். மூணு தடவையும் எழுதின எண் டவுன்லோடுக்கு மட்டும்தான். அப்லோடுக்குன்னு ஒரு எண் கூட இல்லை.

இதை நான் வெறும் தொழில்நுட்ப விஷயமா பார்க்கலை. வீட்டில் இருக்கிறவர் பார்ப்பார், கேட்பார். அவரிடம் சொல்றதுக்குப் பெரிசா எதுவும் இருக்காது என்ற அனுமானம் அதுக்குள்ள இருக்கு. 2020இல் ஆசிரியர்கள் வீட்டிலிருந்து பாடம் எடுக்க உட்கார்ந்தபோது, முகம் உறைஞ்சு குரல் அறுந்ததுக்கு அந்த அனுமானமும் ஒரு காரணம். அவங்க அன்னைக்குப் பார்வையாளர் இல்லை, ஒளிபரப்பாளர்.

சரி, இப்போ உங்க வீட்டுக்கு வருவோம்.

முதல்ல உங்க பிளானில் அப்லோட் எவ்வளவுன்னு தனியா கேளுங்க. பழைய செம்பு லைன்னா கம்பியே வரம்பு. எந்த செட்டிங்கை மாத்தினாலும் அதுக்கு மேல போகாது. ஃபைபருக்கு மாறறதுதான் வழி.

ஃபைபர் இருந்தும் அப்லோட் மட்டும் இழுக்குதுன்னா, கேபிளைச் சந்தேகப்படுங்க. நூறு எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டில் அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடின்னு தனித்தனிக் கம்பி. அனுப்புற ஜோடி மட்டும் கெட்டிருந்தா அப்லோட் மட்டும் நொண்டும். விண்டோஸில் ஈத்தர்நெட் செட்டிங்கைத் திறந்து லிங்க் ஸ்பீடு பாருங்க. 1000 வரவேண்டிய இடத்தில் 100 இருந்தா, வேற நல்ல கேபிளைப் போட்டுப் பாருங்க.

அடுத்து 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' செட்டிங். அது 'ஆட்டோ நெகோஷியேஷன்'ல இருக்கணும். ஒரு முனையை மட்டும் கையால் 'ஃபுல் டூப்ளெக்ஸ்'னு வச்சா, மறுமுனை 'ஹாஃப்'புக்குப் போயிடலாம். ஒருத்தர் பேசிக்கிட்டே இருப்பார், இன்னொருத்தர் முறை வரட்டும்னு காத்திருப்பார். இணைப்பு இருக்கும், வேகம் இருக்காது.

மூணாவது, பின்னால சத்தமில்லாம ஓடுற கிளவுட் பேக்கப். சின்ன அப்லோட் பாதையை அதுவே அடைச்சுக்கும். அதை நிறுத்திட்டு ஒரு தடவை அளந்து பாருங்க.

இவ்வளவு பார்த்தும் சரியாகலைன்னா, இணைப்பு தர்றவங்களுக்கு போன் பண்ணுங்க. "நெட் ஸ்லோ"ன்னு சொன்னா டவுன்லோடை அளந்து காட்டி, நல்லாத்தானே இருக்குன்னு போயிடுவாங்க. அப்லோட் எண்ணைக் குறிச்சு வச்சு, அதைச் சொல்லிக் கேளுங்க.