அன்னை இட்ட தீ

குழந்தை ம. சண்முகலிங்கம் 2025 ஜனவரியில், தமது 93ஆவது வயதில் மறைந்தார். அவர் பெயரைச் சொன்னதும் யாழ்ப்பாணத்தவர் பலருக்கு நினைவில் எழுவது 'மண் சுமந்த மேனியர்'. 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் மேடையேறி, ஒரு காலத்தின் குரலாக நின்ற நாடகம் அது. அதன் இடத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1991இல் அவர் எழுதிய 'அன்னை இட்ட தீ' செய்த பணி, என் கணிப்பில், அதனினும் அரிது. போர் மனித மனத்தில் விட்டுச்சென்ற காயத்தை அது அரங்கிற்குக் கொண்டுவந்தது.

தலைப்பு பட்டினத்தாருடையது. தாயின் சிதைக்கு முன் நின்று, முற்றும் துறந்தவரே பாடி அழுத பாடலில் வருவது.

1991ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத்தை இன்றைய வாசகர் நினைத்துப் பார்க்க வேண்டும். 1987 ஒக்டோபரில் யாழ். வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் மருத்துவரும் தாதியரும் கொல்லப்பட்டிருந்தனர். 1990 ஜூனில் மீண்டும் போர். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கும் பதுங்குகுழியுமே இரவுகள். அக்காலத்தில் உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரிடம் வந்தவர்கள் 'மனம் சரியில்லை' என்று சொல்லி வரவில்லை. தலையிடி, நெஞ்சு நோ, உறக்கமின்மை என்றே வந்தனர். சொல்ல இயலாததை உடம்பு சொல்லிற்று. 'மனவடு' என்ற சொல் நமது பேச்சில் ஊன்றியதில் அவரது எழுத்துகளுக்குப் பெரும் பங்குண்டு.

ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர், காசநோயிலிருந்து தேறியபோது தாம் வரைந்து பெற்ற ஆறுதலைக் கொண்டு, 1942இல் 'கலைச் சிகிச்சை' என்ற தொடரை உருவாக்கினார் என்பர். நம்மிடம் அதற்கு நெடுங்காலம் முன்பே ஒப்பாரி இருந்தது. சாவீட்டில் பெண்கள் கூடி, ஒருத்தி தொடங்க மற்றவர்கள் சேர்ந்து, தத்தம் பழைய துயரையும் அதற்குள் கலந்து அழுவர். பின் எட்டு, முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி என்று துயரத்துக்கு ஒரு கணக்கும் இருந்தது.

போர் இந்த ஒழுங்கைத்தான் குலைத்தது. உடல் கிடைக்காதவனுக்கு எவ்விதம் ஒப்பாரி வைப்பது? காணாமற்போனவனுக்கு அந்தியேட்டி செய்தால், அவனைத் தாயே கொன்றதாகாதா? அழ இடமின்றி உறைந்த அத்தகைய மனங்களுக்கு அரங்கு ஓரிடத்தைக் கொடுத்தது. மேடையில் அழுபவள் வேறொருத்தி. ஆகவே பார்ப்பவள் தன் மகனின் பெயரைச் சொல்லாமலே அழலாம். அருகிலிருப்பவளும் அழுகிறாள். தனக்கு மட்டும் பித்துப் பிடிக்கவில்லை என்று அறிவதே பாதி மருந்து.

பிள்ளைகளுக்கு இதையே வண்ணக்கட்டிகள் செய்தன. அக்கால ஓவியங்களில் ஹெலிகொப்ரர் வானை நிறைத்திருக்கும். மனிதர் சிறு கோடுகளாக இருப்பர். சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்கள் பேச்சோடு விளையாட்டையும் வரைதலையும் சேர்த்துக்கொண்டது தற்செயலன்று.

இதன் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். 2009க்குப் பின் தொண்டு நிறுவனங்கள் பல, மூன்று நாள் பட்டறை நடத்திவிட்டு 'ஆற்றுப்படுத்தல்' முடிந்ததாக அறிக்கை எழுதின. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காணாமற்போனோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்தார்கள். ஆண்டுகள் கடந்தும் எழவில்லை. விடை அறியாமலே அவர்களுட் பலர் இறந்துபோயினர்.