தூரம் ஒன்று, நேரம் பல

பின்லாந்தின் ஹெல்சிங்கி விமான நிலையத்திற்கும் ஜப்பானின் டோக்கியோ நரிதா விமான நிலையத்திற்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 9 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகும். ஏறவும் இறங்கவும் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்பதரை மணி எனலாம். ஆனால் இந்தக் கணக்கு எல்லாக் காலத்திலும் செல்லுபடியாகவில்லை.

இந்தக் குறுகிய வழி எது? பள்ளியிலுள்ள பூகோள உருண்டையில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்து இணைத்துப் பாருங்கள். டோக்கியோ தென்கிழக்கே இருந்தாலும் நூல் வடகிழக்காகக் கிளம்பி, சைபீரியாவின் மேல் வில்போல் வளைந்து செல்லும். இதற்குப் 'பெருவட்டப் பாதை' என்று பெயர்.

அந்த வானம் அன்று சோவியத் நாட்டுக்கு உரியதாக இருந்தது. ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வானமும் அந்நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டதே என்பதை 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை உறுதி செய்துள்ளது. பனிப்போர்க் காலத்தில் மேற்கு நாட்டு விமானங்களுக்கு அவ்வழி நெடுநாள் கிட்டவில்லை. எனவே ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் செல்வோர் மேற்கு ஆசியா, இந்தியா, பாங்காக் என்று தெற்கே சுற்றினர். பயணம் இரண்டு நாளைத் தாண்டியது.

1957-இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குத் துருவப் பாதை அமைத்தது. பயணம் 32 மணி அளவாகக் குறைந்தது. வட காந்தத் துருவத்தின் அருகே காந்த ஊசியை நம்ப இயலாது. ஆகவே சுழலும் கைரோ கருவியையும், கட்டம் வரைந்த தனி வரைபடத்தையும் கொண்டு விமானிகள் திசை அறிந்தனர்.

1983 ஏப்ரலில் பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் கூடுதல் எரிபொருள் தாங்கும் டி.சி.-10 விமானத்தால், வட துருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் சோவியத் நாட்டுக்கும் இடையே புகுந்து, எங்கும் நில்லாமல் டோக்கியோவை அடைந்தது. இதற்குச் சுமார் 13 மணி நேரம் ஆயிற்று. பின்னர் சைபீரிய வானம் திறக்கப்பட்டதும் நூல் காட்டிய வழி கிடைத்தது. நேரம் ஒன்பதரை மணியாகச் சுருங்கியது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று தன் வானத்தை அடைத்தன. அந்த ஆண்டு மார்ச்சில் பின்ஏர் மீண்டும் துருவத்தின் மேல் பறந்தது. பயண நேரமும் மீண்டும் 13 மணி!

இந்த மூன்றரை மணி வெறும் காத்திருப்பு அன்று. நெடுந்தூரத்துக்கு அதிக எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் செலவாகும். கட்டணமும் கரியமில வாயுவும் கூடும்.

1983-க்குப் பிறகு எஞ்சின்கள் எவ்வளவோ திருந்தின. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆயினும் 40 ஆண்டு முன்னேற்றத்தை மூடிய வானம் ஒன்று விழுங்கிவிட்டது. இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை உருண்டையில் அளந்துவிடலாம். பயண நேரத்தைக் கணிக்க, இடையிலுள்ள நாடுகளின் உறவையும் அறிந்திருக்க வேண்டும்.