தூபா வேரும் பூச்சிகொல்லும் பூசணமும்

சாதிக்காய் மோகம் பினாங்கையும் சிங்கப்பூரையும் ஆட்டிவைத்த காலம் ஒன்றுண்டு. மலாய் மக்கள் மீன் பிடிப்பதற்கென ஆற்றில் இடித்துக் கலந்த தூபா வேர், சாதிக்காய் மரத்துப் பூச்சிகளுக்கும் நஞ்சாகும் என்று 1848-இல் சிங்கப்பூர் மருத்துவர் ஆக்ஸ்லி எழுதிவைத்தார். அதற்கு முன்பே, 1835-இல், பட்டுப்புழுவை மாய்க்கும் நோய்க்கு ஒரு பூசணமே காரணம் என இத்தாலியரான பாசி நிறுவியிருந்தார். இவ்விரு அறிவும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன.

2016-இல் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ காணப்பட்டது. அதனை அடக்க, தூபாவின் இடத்தில் நம் வேம்பும், அதனோடு ஐசேரியா என்னும் பூசணமும் பரிந்துரைக்கப்பட்டன. வெள்ளை ஈயின் இளங்குஞ்சு இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு உட்சாற்றை உறிஞ்சுவது. இலைமேல் படிந்த நஞ்சை அது உண்பதில்லை. பூசணத்தையோ உண்ணவே வேண்டியதில்லை. தோலைத் துளைத்து உட்புகும். ஆனால் குஞ்சு தோலுரித்துவிட்டால் ஒட்டியிருந்த நுண்வித்தும் தோலோடு கழன்றுபோகும்! வேம்பின் அசாடிராக்டின் தோலுரிப்பைக் குலைப்பதால், பூசணம் உள்நுழையக் காலம் கிடைக்கிறது. இச்சேர்க்கையின் நுட்பம் இதுவே. எனினும் வேப்பெண்ணெய் அளவு மிஞ்சின், நுண்வித்தே முளைக்காமற் போகலாம். அதனாலேயே, வயலுக்குக் கொண்டுசெல்லுமுன் இரண்டையும் ஆய்வுக்கூடத் தட்டில் ஒருங்கே இட்டு, பூசணம் வளர்கின்றதா எனப் பார்க்கின்றனர்.