வெள்ளாவிக் கொப்பரையில் பீர்

இங்கிலாந்தில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்த்தே காலம் தள்ளியவன் நான். பீர் மேல் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. அதைக் காய்ச்சும் பாத்திரங்கள் மேல்தான் கண். துணி அவிப்பதற்கென்று பர்ன்லி நகரில் செய்த பர்கோ பாய்லர் ஒன்று என் கடைக்கு வரும். மூடியைத் திறந்தால் சோப்பு வாசம் இருக்காது, முளைகட்டிய பார்லியான மால்ட்டின் வாசம் தூக்கும்.

இது ஒன்றும் புதுப் பழக்கமல்ல. பண்ணைவீடுகளில் செங்கல் அடுப்போடு சேர்த்துக் கட்டிய செம்புக் கொப்பரை இருந்த காலத்தில், திங்கட்கிழமை அதில் துணி வேகும், வேறொரு நாள் பீர் கொதிக்கும். டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் ஏழை வீட்டுப் புட்டிங் வேகுவதும் துணிக் கொப்பரையில்தான். 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு பீருக்குத் தீர்வை போட்டார். வீட்டில் காய்ச்சுகிறவரும் உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த வழக்கம் அதோடு படுத்துவிட்டது.

1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். வாஷிங் மெஷின் வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்த காலம் அது. துணி பாய்லர்கள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குப் போயின. ஐந்து கேலன் கொள்ளும், மின்சாரத்தில் கொதிக்கும், சும்மாவே கிடைக்கும் பாத்திரத்தை எவன் விடுவான்?

பாய்லர் கிடைக்காதவர்களுக்கும் வழி இருந்தது. 1974இல் ‘தி பிக் புக் ஆஃப் ப்ரூயிங்’ எழுதிய டேவ் லைன் தொழிலால் மின் பொறியாளர். மால்ட் பாகு டப்பாவையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு, தானியத்திலிருந்தே காய்ச்சும் துணிச்சலைப் பலருக்குக் கொடுத்த புத்தகம் அது. பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை போட்டு, கெட்டில் எலிமெண்ட்டை வாஷரோடு இறுக்கிக் காய்ச்சியவர்கள் அந்தத் தலைமுறையினர். பிற்பாடு தெர்மோஸ்டாட்டும் சேர்த்து ‘ப்ரூஹீட்’ என்ற பெயரில் அதே வாளி கடைக்கே வந்தது.

வாளியில் நடப்பது இதுதான். நொறுக்கிய மால்ட்டை 65, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகும். அதை வடித்தால் வருகிற இனிப்புச் சாறு, வோர்ட். கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு அதை இன்னும் ஒரு மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். வெறும் தண்ணீர் காய்ச்சும் எலிமெண்ட்டுக்கு இந்த வேலை சுலபமல்ல. சின்னக் கம்பியில் அத்தனை சூடும் குவிந்தால் அதன் மேலேயே சர்க்கரை கருகும், பீரில் தீய்ந்த நெடி ஏறும். ஹாப்ஸ் பூ எலிமெண்ட்டைப் போர்த்திக்கொண்டால், சூடு மீறும்போது மின்சாரத்தை நிறுத்தும் கட்-அவுட் விழுந்து கொதி நின்றுவிடும். சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டு, கரித்தோலை நகத்தால் உரித்திருக்கிறேன். பப்படம் போல வரும். அதைவிட என்னைப் பயமுறுத்தியது எர்த் ஒயர் இல்லாத வாளிகள். ஈரத் தரை, கையில் உலோகக் கரண்டி, உள்ளே மின்சாரம் கடத்தும் சாறு. ஆள் பிழைத்ததே பெரிது.

எல்லா நாட்டிலும் இது இப்படி அமையவில்லை. பிரிட்டனில் 230 வோல்ட். 13 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் வரை இழுக்கலாம். 25 லிட்டர் சாறு ஒரு மணி நேரத்துக்குள் கொதித்துவிடும். ஜெர்மானியர்கள் பழம் பதப்படுத்தும் மின்பானையை எடுத்துக்கொண்டார்கள். அது 1,800 வாட்தான், இருந்தும் பொறுமையாகக் காய்ச்சுகிறார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பீருக்குச் சட்டம் வழிவிட்டதே அதிபர் கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட பிறகுதான். அங்கே சுவரில் 120 வோல்ட். சாதாரண பிளக்கில் 1,800 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூடாமல் கொதிக்கும் பெரிய பானைக்கு அது போதாமல், வான்கோழி பொரிக்கும் புரோப்பேன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்கள். அந்த ஊர் பீர்ப் படங்களில் அடிக்கடி வெளியில் அடுப்பு எரிவதற்கு, ருசியோ ரசனையோ காரணமல்ல, பெரும்பாலும் வோல்டேஜ்தான்.

இப்போது அவர்களிலும் பலர் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கென்று இருக்கும் 240 வோல்ட் சாக்கெட்டில், வாட்டர் ஹீட்டருக்கான 5,500 வாட் எலிமெண்ட்டை மாட்டுகிறார்கள். நீளமான கம்பியைப் பலமுறை மடித்த வகை. சூடு பரவுவதால் சர்க்கரை கருகுவதில்லை. கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க, வெந்நீர்க் குளியல் தொட்டிகளுக்கு விற்கும் ஸ்பா பேனலை நடுவில் வைக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துப் பொருத்தியவன் யாரென்றாலும் என் தொழில்காரன்தான்.