பழைய கார் இன்ஜினைப் பெரிதாக்கினால் பெட்ரோல் கணக்கு ஏன் பிசகுகிறது?

உங்கள் பைக் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதா? அப்படியென்றால் அதில் கார்புரேட்டர் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு இரண்டு சக்கர வண்டிகளும் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை ஈசியூ என்கிற சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. 'போர் கிட்' போட்டு இன்ஜினைப் பெரிதாக்கினால், அந்தக் கணக்கையும் திருத்த வேண்டும். லேப்டாப்பைச் செருகி 'ரீமேப்' செய்தால் வேலை முடிந்தது.

ஆனால் லேப்டாப்பைச் செருக இடமே இல்லாத இன்ஜெக்‌ஷன் என்றால்? 1960, 70களின் கார்களைப் புதுப்பிப்பவர்கள் சந்திக்கும் சிக்கல் இதுதான். அதில் தவறினால் என்ன ஆகும், எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று பார்ப்போம். உங்கள் பைக்கின் ஈசியூ என்ன நினைக்கிறது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

டி-ஜெட்ரானிக் என்பது என்ன?

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-ல் கொண்டுவந்த எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் இது. முதலில் வந்தது ஃபோக்ஸ்வாகன் 1600 காரில். அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு வால்வோ 1800 இ, சிட்ரோன் டிஎஸ் 21, ஃபோக்ஸ்வாகனும் போர்ஷேவும் சேர்ந்து உருவாக்கிய 914 போன்ற கார்களிலும் இது வந்தது.

இன்டெல்லின் முதல் மைக்ரோபிராசசர் 4004 வெளிவந்ததே 1971-ல்தான். அதனால் டி-ஜெட்ரானிக்கில் மென்பொருள் என்று எதுவும் கிடையாது. டிரான்சிஸ்டர்கள், ரெசிஸ்டர்கள், சில சென்சார்கள், அவ்வளவுதான்.

பெயரில் உள்ள 'டி', அழுத்தம் என்று பொருள்படும் 'ட்ரூக்' என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. இன்டேக் மேனிஃபோல்டில் காற்றின் அழுத்தம் எவ்வளவு, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, காற்றும் இன்ஜினும் எவ்வளவு சூடாக இருக்கின்றன: இந்தக் கேள்விகளின் விடையை வைத்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவாகிறது.

அப்புறம் சிக்கல் எங்கே?

உள்ளே போகும் காற்றை இந்த அமைப்பு நேரடியாக அளப்பதே இல்லை. 'இந்த அழுத்தத்தில், இந்த வேகத்தில், இந்த இன்ஜின் இவ்வளவு காற்றை இழுக்கும்' என்று ஊகிக்கிறது. அந்த ஊகம், தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு குறிப்பிட்ட இன்ஜினைப் பரிசோதித்துப் பெற்றது. ஒரே ஊரில் சர்வே எடுத்துவிட்டு, அதை வைத்து இன்னொரு ஊரின் தேர்தல் முடிவைச் சொல்வதைப் போல. ஊர் மாறினால் கணிப்பும் தப்பும்.

914-ன் 2 லிட்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் விட்டம் 94 மிமீ, ஸ்ட்ரோக் 71 மிமீ, நான்கு சிலிண்டர். மொத்தம் 1,971 சிசி. இதை ரீபில்ட் செய்யும்போது 96 மிமீ பிஸ்டன் போடுவது பிரபலமான வழக்கம். அப்போது 2,056 சிசி ஆகும். கூடுவது 85 சிசி, அதாவது சுமார் 4.3%.

அழுத்த சென்சாருக்கு இது தெரியாது. அது பழைய அளவு பெட்ரோலைத்தான் கேட்கும். முழு ஆக்ஸிலரேட்டரில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று என்று இருந்தது, இப்போது சுமார் 13.6 ஆகிவிடும். இதைச் சமாளித்துவிடலாம்.

ஸ்ட்ரோக்கையும் 78.4 மிமீ ஆக்கினால்? 2,270 சிசி. காற்று 15% அதிகம். அதே 13 இப்போது சுமார் 15. முழுச் சுமையில் இது ஆபத்தான எண்.

பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்?

எரிப்பு அறை சூடாகும், 'நாக்கிங்' வரும், வால்வு கருகலாம், பிஸ்டனில் ஓட்டை விழலாம். 914-ன் இன்ஜின் காற்றால் குளிர்விக்கப்படுவது, ரேடியேட்டர் கிடையாது. அதனால் சூட்டைத் தாங்கும் இடைவெளி இன்னும் குறைவு. பெட்ரோல் அளவுக்கு மீறினாலும் நல்லதில்லை. சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும், பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேயும். பணத்தைக் கொட்டிச் செய்த ரீபில்ட் சில மாதங்களிலேயே வீணாகலாம்.

எப்படித் திருத்துகிறார்கள்?

நான்கு வழிகள் உண்டு. நான்குக்கும் ஒரு விலை இருக்கிறது.

1. பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டுவது: டி-ஜெட்ரானிக்கின் வழக்கமான அழுத்தம் சுமார் 2 பார். ரெகுலேட்டரில் உள்ள திருகைத் திருப்பினால் கூடும். ஆனால் அழுத்தம் இரட்டிப்பானால் பெட்ரோல் இரட்டிப்பாகாது. வர்க்கமூல விகிதத்தில்தான் கூடும். 4.3% அதிக பெட்ரோலுக்கு அழுத்தம் சுமார் 9% கூட வேண்டும், அதாவது 2.18 பார் அளவுக்கு. 15% வேண்டுமென்றால் 33% கூட்டி 2.65 பார் வரை போக வேண்டும். சின்ன மாற்றத்துக்கு இது சரி, பெரிய மாற்றத்துக்குச் சரிவராது.

2. வெப்ப சென்சாரை 'ஏமாற்றுவது': இன்ஜின் சூடேற ஏற இந்த சென்சாரின் மின்தடை குறையும். அதனோடு ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்தால், இன்ஜின் இன்னும் ஆறியிருக்கிறது என்று ஈசியூ நினைத்துக் கொஞ்சம் அதிகம் தெளிக்கும். செலவு சில ரூபாய்தான். ஆனால் குளிரில் ஸ்டார்ட் செய்வதும் சூடேறும் நேரத்தின் ஓட்டமும் மாறலாம்.

3. பெரிய இன்ஜெக்டர் போடுவது: எல்லா நிலையிலும் ஒரே விகிதத்தில் கூடும். ஐடிலில் தேவைக்கு மீறிப் போக வாய்ப்பு உண்டு.

4. அழுத்த சென்சாரையே திருத்துவது: சரியான வழி இதுதான், கஷ்டமானதும் இதுதான். சென்சாருக்குள் காற்று நீக்கிய உலோகக் குப்பிகள் இருக்கும். அழுத்தம் மாறும்போது அவை விரிந்து சுருங்கி, ஒரு காயிலுக்குள் இரும்புத் துண்டை நகர்த்தும். இன்றைய ஈசியூவில் உள்ள 'மேப்' கோப்பின் வேலையை இந்த இயந்திரமே செய்கிறது. பின்பக்கம் எபாக்ஸி பூசி மூடிய இடத்தில் திருகுகள் உண்டு. பகுதிச் சுமைக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனியாகத் திருத்தலாம். தொடுவதற்கு முன்பு, வெவ்வேறு வெற்றிட நிலைகளில் காயிலின் இண்டக்டன்ஸை மீட்டர் வைத்து அளந்து எழுதிக்கொள்வது அவசியம். பழைய எண்கள் கையில் இல்லாவிட்டால் திரும்பி வர வழி இருக்காது.

ஈசியூ பெட்டியில் ஒரு குமிழ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஐடிலை மட்டும்தான் மாற்றும்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் இன்ஜின் சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், இன்டேக் ஹோஸ்களில் காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம் என ஒவ்வொன்றாக. அழுத்த சென்சாரை வெற்றிட பம்பில் மாட்டிச் சோதிக்க வேண்டும். உள்ளே உள்ள டயாஃப்ரம் விரிசல் விடுவது இந்தப் பழைய சென்சார்களில் சகஜம். கசியும் சென்சாரை என்ன திருகினாலும் பயனில்லை.

பிறகு எக்ஸாஸ்ட் குழாயில் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் பொருத்தி, ஓடும் வண்டியில் அளக்க வேண்டும். நிதான ஓட்டத்தில் 14.7-ஐ ஒட்டியும், முழு ஆக்ஸிலரேட்டரில் 12.5 முதல் 13 வரையும் வந்தால் பாதுகாப்பு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கேம்ஷாஃப்ட்டையும் மாற்றலாமா?

இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சிசி கூடினால் பிழை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கும், அதைத் திருத்திவிடலாம். ரேஸ் வகை கேம் போட்டால் ஐடிலில் மேனிஃபோல்டின் வெற்றிடமே பலவீனமாகும். இன்ஜின் பாரம் இழுக்கிறது என்று சென்சார் நினைத்து பெட்ரோலைக் கொட்டும். பிழை ஒவ்வொரு வேகத்திலும் வேறு மாதிரி இருக்கும். நாலு திருகுகளால் அதைச் சமாளிக்க முடியாது. டி-ஜெட்ரானிக்கை வைத்துக்கொள்வதென்றால் மிதமான கேம்தான்.

1974-ன் 914 1.8-ல் வந்த எல்-ஜெட்ரானிக்கில் இந்தத் தொல்லை குறைவு. 'எல்' என்பது 'லுஃப்ட்', அதாவது காற்று. வரும் காற்றை ஒரு தகடு நேரடியாக அளக்கிறது. இன்ஜின் கூடுதலாக இழுத்தால், அந்தத் தகடு முழுதாகத் திறக்கும் வரை, பெட்ரோலும் தானாகக் கூடும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும் அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. அதில் இன்ஜினின் சிசியும் ஒரு விவரம். 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதிகள் 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகின்றன. ஆனால் வண்டி அசல் வடிவில், பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கூடுதல் சிசிக்கு ஆசைப்பட்டு அந்தத் தகுதியை இழக்கலாமா என்பதை, பிஸ்டன் ஆர்டர் செய்வதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

உங்கள் பைக்குக்கு இதில் என்ன?

இன்றைய பைக்குகளில் பலவும் மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்தே பெட்ரோலைக் கணக்கிடுகின்றன. டி-ஜெட்ரானிக்கின் தர்க்கம்தான், திருகுக்குப் பதில் மென்பொருள். ஆக, 'ரீமேப் செய்தாச்சு' என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் எவ்வளவு வந்தது? எண் வராவிட்டால், அளக்கவில்லை என்று அர்த்தம்.