கூறிட்டுக் காணும் கணிதம்

கிள்ளான் பள்ளத்தாக்கின் வானளாவிய மாடங்களையும், பெட்டாலிங் ஜெயாவில் தூண்களின்மேல் ஓடும் இரயிலையும் காணும் மாணவர், "இவை பாரம் தாங்கும் என்பதைக் கட்டுமுன்னரே அறிவது எங்ஙனம்?" என வினவக்கூடும். இன்று பொறியியலார் இதற்குப் பெரிதும் கையாள்வது 'வரம்புறு கூறு முறை' என்னும் கணிதமாகும். அதன் வரலாறு ஆசிரியர்க்கும் பயன் தருவது.

கருத்து மிகப் பழையது. வளைந்த வட்டத்தின் சுற்றளவை அறிய விரும்பிய ஆர்க்கிமிடீசு, அதனை 96 பக்கங்களையுடைய பல்கோணத்தால் அணுகினார். வட்டத்தினுள் வரையும் கோணத்துக்கு 6 பக்கமாயின் சுற்றளவு விட்டத்தைப் போல் 3 மடங்கு. 12 ஆயின் 3.106, 96 ஆயின் 3.141. கூறு பெருகப் பெருக விடை மெய்யை நெருங்குகிறது.

1943இல் கூராண்ட் என்னும் கணித அறிஞர், முறுக்கப்படும் தண்டினை ஆராய அதன் குறுக்குவெட்டை முக்கோணங்களாகப் பகுத்தார். பின்னர் போயிங் விமானத் தொழிலகத்தாருக்கு ஓர் இடர் தோன்றியது. முக்கோண வடிவச் சிறகுகளின் விறைப்பைப் பழைய உத்தரக் கணக்கால் செவ்வனே அறிய முடியவில்லை. டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வர் சிறகின் தகட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டுகள் சேரும் முனைகளில் விசைகளைச் சமன்செய்து, மீண்டும் முழுமையாக்கும் வழியை 1956இல் வெளியிட்டனர். 1960இல் கிளஃப் இம்முறைக்குப் பெயரிட்டார். நுண்கணிதம் கூறும் அளவிலாச் சிறுமையன்று, எண்ணி முடிக்கத்தக்க கூறு என்பதே அப்பெயரின் பொருள். இதில் எழும் நூற்றுக்கணக்கான சமன்பாடுகளைத் தீர்க்கக் கணிப்பொறி இன்றியமையாததாயிற்று.

தமிழகத்தில், 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தோன்றிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், 1973இல் ஐ.பி.எம். 370 கணிப்பொறியைப் பெற்றது. அங்குப் பேராசிரியராய் விளங்கிய சி. எஸ். கிருஷ்ணமூர்த்தி 1987இல் வெளியிட்ட பாடநூல், கொள்கையோடு நிரல் எழுதுதலையும் சேர்த்தே கற்பித்தது. இன்றோ ஆயத்த நிரல்கள் கிடைக்கின்றன. படம் வரைந்து பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும். இடர் இங்கேதான் உள்ளது.

1991 ஆகஸ்டு 23ஆம் நாள், நார்வே நாட்டின் கடற்கழியில் சோதிக்கப்பட்ட 'ஸ்லைப்னர் ஏ' என்னும் எண்ணெய் மேடையின் காங்கிரீட் அடித்தளம் பிளந்து மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, இழப்போ ஏறத்தாழ 70 கோடி டாலர். கணிப்பொறி கூட்டலில் பிழை செய்யவில்லை. சுவர்கள் சந்திக்கும் இடத்தைப் பருத்த, கோணலான கூறுகளாகப் பகுத்ததால், வெட்டு விசை மெய்யளவினும் 47 விழுக்காடு குறைவாகக் காட்டப்பட்டது. கம்பிக்கட்டும் போதாமற் போயிற்று. விபத்தின்பின் செம்மையாகக் கணித்தபோது, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. அது உடைந்ததோ 65 மீட்டரில்!

கூறிடுவது மனிதன், கூட்டித் தருவதே பொறி. ஆதலின் விடை ஏறக்குறைய எவ்வளவு வரவேண்டும் என்பதைத் தாளில் முன்னதாக மதிப்பிடும் பழக்கம் வேண்டும். அதனைப் பல்கலைக்கழகம் புகுந்தபின் ஊட்டுவது அரிது. தோட்டப் பள்ளியில், ஒரு வட்டத்தையும் நூலையும் கொண்டே தொடங்கிவிடலாம்.